வீட்டுக் கைவேலையின் விலையில் விடுபட்ட கூலி

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே இருக்கிறது சேக்காடு. இந்த வட்டாரத்தை வளர்த்தவை பெரிய மதில்களுக்குள் நடக்கும் வேலைகள். ஆவடியில் போர் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், படையினருக்குச் சீருடை தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் 1960களில் வந்தவை. அதே பத்தாண்டில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இந்த வேலையிடங்களில் எத்தனை பேர் உழைக்கிறார்கள், என்ன சம்பளம், எத்தனை மணி நேரம் என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. இவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில், பதிவேடு எதுவும் இல்லாத இன்னோர் உற்பத்தியும் நடக்கிறது. ஒயர் கூடை பின்னுவது, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வது, பட்டு நூல் வளையல் சுற்றுவது, சுடுமண் நகை செய்வது, சீர்வரிசைத் தட்டு அலங்கரிப்பது, தாம்பூலப் பை தைப்பது என்று அதன் பட்டியல் நீளும். பெரும்பாலும் பெண்கள், சமையலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்துக்கும் இடையே, கூடத்திலோ படுக்கையறை ஓரத்திலோ அமர்ந்து செய்யும் வேலை இது.

இந்த வேலையைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வீட்டிலிருந்தபடியே மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று ஊக்கம் தருவது ஒரு விதம். பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் கைச்செலவுக் காசு என்று ஒதுக்கிவிடுவது மற்றொரு விதம். முன்னது பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறது. பின்னது இதற்கு எதுவுமே தேவையில்லை என்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். வீட்டுக் கைவேலை குறைந்த வருமானம் தருவதற்குச் செய்பவரின் திறமைக் குறைவு முதன்மையான காரணம் அன்று. பொருளின் விலையை முடிவு செய்யும்போது செய்தவரின் உழைப்பு நேரம் கணக்கில் சேர்வதில்லை. சரக்கு வாங்கும்போதும் பொருளை விற்கும்போதும் ஒவ்வொருவரும் தனியாக நிற்கிறார்கள். இந்த இரண்டையும் சரி செய்யாமல் எத்தனை வகுப்பு நடத்தினாலும், எத்தனை கடன் கொடுத்தாலும், கூலியில்லா உழைப்புதான் பெருகும்.

கணக்கில் சேராத மணிநேரம்

ஒரு நடுத்தர அளவு ஒயர் கூடையை எடுத்துக்கொள்வோம். இங்கே தரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகள்; ஊருக்கும் பின்னலுக்கும் ஏற்ப அவை மாறும். ஒயருக்கும் கைப்பிடிக்கும் 200 ரூபாய் ஆகிறது, கூடை 450 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னியவர் 250 ரூபாய் லாபம் என்று எண்ணுகிறார். அந்தக் கூடையைப் பின்னப் பத்து மணி நேரம் ஆகியிருந்தால், ஒயர் வாங்கப் போய்வந்த நேரத்தில் இந்தக் கூடையின் பங்கு, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விசாரிப்பவர்களுக்குப் பதில் சொன்ன நேரம், கொண்டுபோய்க் கொடுத்த நேரம் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் சேர்த்தால், மொத்தம் பன்னிரண்டு மணி. லாபம் என்று எண்ணிய தொகை, மணிக்கு 21 ரூபாய்கூட எட்டாத கூலி. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர வேலைக்கு மணிக்கு 42 ரூபாய் ஆகிறது. அந்தத் திட்டம் நகர்ப்பகுதியான சேக்காட்டுக்குப் பொருந்தாது. ஆனால் அடிப்படைக் கூலி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு ஆகிய பின்னல்களைப் பிசகாமல் போடத் தெரிந்த கைக்கு, மண் வெட்டும் அடிப்படைக் கூலியில் பாதிதான் கிடைக்கிறது. உண்மையில் அங்கே லாபம் என்று ஒன்றும் இல்லை. கூலியின் ஒரு பகுதி மட்டும் கிடைத்திருக்கிறது.

இதில் சேராத செலவுகள் இன்னும் உண்டு. வேலை செய்யும் இடத்துக்கு வாடகை, விளக்குக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஆகும் மின்சாரம், செல்பேசிக் கட்டணம், வீணான மணியும் நூலும், வாங்குவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்ட ஆர்டர் ஆகிய எல்லாவற்றையும் குடும்பமே சுமக்கிறது. தொழிற்சாலையில் இவை முதலாளியின் செலவுக் கணக்கில் வரும். வீட்டில் இவை கண்ணுக்கே தெரிவதில்லை. பருவமும் ஒரு சுமைதான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் ஆரி ரவிக்கையும் சீர்வரிசைத் தட்டும் இரவெல்லாம் விழித்து முடிக்கும் அளவுக்கு வரும். நவராத்திரிக்கு முந்திய வாரங்களில் கொலுவுக்கு வருவோருக்கு வைத்துக் கொடுக்கும் பொருட்களுக்குக் கேட்பு ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வேலையும் இல்லை. ஒரு முகூர்த்த மாதத்தில் வந்த பணத்தைப் பார்த்துவிட்டு ஆண்டு வருமானத்தைக் கணிப்பவர் ஏமாந்துபோவார். ஓய்ந்த மாதங்களையும் தாங்கும்படி விலை இருக்க வேண்டும் என்பது எந்தத் தொழிலுக்கும் பொது விதி. வீட்டுக் கைவேலைக்கு மட்டும் அந்த விதியை யாரும் நினைவூட்டுவதில்லை.

உழைப்பு நேரம் ஏன் இப்படிக் கணக்கில் சேராமல் போகிறது? அந்த நேரம் ஏற்கெனவே இலவசமாகக் கருதப்படும் நேரத்திலிருந்து எடுக்கப்படுவதுதான் காரணம். இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். சமைப்பதற்கும் துவைப்பதற்கும் விலை இல்லை என்று பழகிய வீட்டில், அந்த வேலைகளுக்கு இடையில் பின்னப்படும் கூடைக்கும் கூலி இல்லை என்பது இயல்பாகப்படுகிறது. செய்பவரே அப்படி நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். வீட்டில்தானே செய்கிறீர்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற பேரம் எழுவது இந்த நம்பிக்கையிலிருந்துதான். கடைவீதித் தையற்காரரிடம் அதே பேரம் இவ்வளவு எளிதில் எழாது.

லேஸ் பின்னிய கைகள்

இது புதிதாக வந்த நிலை அன்று. வீட்டுக் கைவேலையைச் சந்தையோடு இணைத்த பழைய முயற்சிகளில் ஒன்று தமிழ் பேசும் தென்கோடியிலேயே நடந்தது. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை முறை சட்டப்படி நிலவிய அன்றைய திருவிதாங்கூரில், லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு அடிமைக் குடும்பத்துப் பெண்கள் தம் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் உடன் போனது. பெண்ணின் கைக்குப் பணம் நேரடியாக வந்து சேரும்போது அவள் வாழ்வில் எவ்வளவு பெரிய மாற்றம் நிகழலாம் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று இல்லை. அங்கே விற்பனை, பின்னிய பெண்களின் நலனை நோக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பின் வழியாக நடந்தது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கைத்திறன் மட்டுமே விடுதலை தந்துவிடவில்லை. விற்ற பணம் பின்னியவரிடம் திரும்பி வர வழி இருந்தது.

அந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்தின் நரசாபுரம் காட்டுகிறது. மேற்கு கோதாவரி வட்டாரத்து நரசாபுரத்திலும் கிறித்தவ மிஷன்கள்தான் 19ஆம் நூற்றாண்டில் லேஸ் பின்னலைப் பரப்பின. காலப்போக்கில் அது பல்லாயிரம் பெண்கள் வீட்டில் செய்யும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1970களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: நாள் முழுதும் பின்னும் பெண்கள் தொழிலாளிகளாகக் கருதப்படவில்லை, வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றே வணிகர்களும் அதிகாரிகளும் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் மிகக் குறைந்த கூலிக்கு நியாயம் கற்பித்தது. ஒவ்வொரு பெண்ணும் ஒரு துண்டை மட்டும் பின்னிக் கொடுத்ததால், முழுப் பொருள் எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வணிகமும் ஏற்றுமதியும் ஆண்கள் கையில் இருந்தன. சென்னையில் 1978இல் ஜெயா அருணாச்சலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றம் பின்னர் நரசாபுரத்துக்கும் சென்று, லேஸ் பின்னும் பெண்களை அமைப்பாகத் திரட்டிக் கடனுதவிக்கு வழி செய்தது. பிரச்சினையின் வேர் கைத்திறனில் இல்லை, சந்தைக்கும் செய்பவருக்கும் நடுவிலுள்ள தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த மன்றம் சரியாகப் புரிந்துகொண்டது.

சேக்காட்டு வீடுகளில் இன்று நடப்பதிலும் இரண்டு வகைகள் உண்டு. தானே சரக்கு வாங்கி, தானே செய்து, தானே விற்பவர் ஒரு வகை. கடைக்காரரோ ஒப்பந்தக்காரரோ கொடுக்கும் துணியையும் மணியையும் வாங்கி வந்து, பீஸ் ரேட்டுக்கு முடித்துக் கொடுப்பவர் மற்றொரு வகை. முன்னவருக்குச் சொந்தத் தொழில் என்ற பெருமை இருக்கிறது, நட்டமும் அவருடையதே. பின்னவருக்கு விற்கும் கவலை இல்லை. விலை சொல்லும் உரிமையும் இல்லை. ஒரு கல்யாண ரவிக்கையின் ஆரி வேலைக்குக் கடை வாங்கும் தொகைக்கும், அதை முடித்த கைக்குச் சேரும் தொகைக்கும் உள்ள இடைவெளி அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நரசாபுரத்துப் பெண்கள் நின்ற அதே இடம் இது.

ஒரே ஊசி, இரண்டு மதிப்பு

வேலை நடக்கும் இடம் வேலையின் மதிப்பை எப்படி மாற்றுகிறது என்பதை ஆவடியிலேயே பார்க்கலாம். படைத்துறை உடைத் தொழிற்சாலையில் சீருடை தைப்பவர் தையல் தொழிலாளி. அவருக்கு மாதச் சம்பளம், விடுப்பு, மருத்துவ வசதி, ஓய்வுக்காலப் பலன் எல்லாம் உண்டு. அதே ஊரில் வீட்டில் துணிப்பை தைப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தைக்கும் திறனில் உள்ள வேறுபாட்டை மட்டும் கொண்டு இந்த இடைவெளியை விளக்க முடியாது. ஒருவருடைய வேலையைச் சட்டம் வேலை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது, மற்றவருடையதை அந்த அளவுக்கு ஏற்கவில்லை என்பதே பெரும்பகுதி விளக்கம்.

சட்டம் மனம் வைத்தால் வீட்டுக்குள் நடக்கும் வேலையையும் தொழிலாக ஏற்க முடியும் என்பதற்குப் பீடித் தொழில் சான்று. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. அதை எதிர்த்து முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 1985இல் அதே நீதிமன்றம், வீட்டில் பீடி சுற்றுவோருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பளித்தது. பீடித் தொழிலில் உடல்நலக் கேடும் சுரண்டலும் ஒழிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் வீட்டில் செய்வதால் அது வேலை ஆகாது என்ற வாதம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றத்தில் தோற்றுப்போனது. உலக அளவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழி வேலைக்கான 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் முன்னின்றவர், 1972இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பைத் தொடங்கிய இலா பட். ஆனால் இந்தியா இன்றுவரை அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்யவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, பெருந்தொற்றுக்கு முன்பே உலகில் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து உழைத்தார்கள், அவர்களில் 56 விழுக்காட்டினர் பெண்கள் என்று மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தின் உழைப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

மறுப்புகளுக்குப் பதில்

முதல் மறுப்பு எளிமையானது: சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ கொஞ்சம் வருகிறதே, அது நல்லதுதானே? கணவருக்கு நிலையான சம்பளம் உள்ள வீட்டில், கைச்செலவுக்காகச் செய்பவருக்கு மணிக்கு 20 ரூபாய் போதுமானதாகத் தோன்றலாம். ஆனால் அதே தெருவில் கணவரை இழந்தவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், உடல் ஊனத்தால் வெளியே வேலைக்குப் போக முடியாதவர் ஆகியோருக்கு இதே கைவேலைதான் அரிசிக்கும் வாடகைக்கும் வழி. போதும் என்று நினைப்பவர் வைக்கும் விலைதான் பகுதி முழுவதற்கும் விலையாகிவிடுகிறது. அவர் 450 ரூபாய்க்குக் கொடுக்கும் கூடையை இவர் 700 ரூபாய்க்குச் சொன்னால் யார் வாங்குவார்? உழைப்பைச் சேர்க்காமல் விலை வைப்பது தனிப்பட்ட தாராளம் போலத் தெரிந்தாலும், அதன் சுமை தேவை அதிகமுள்ள பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

இரண்டாவது மறுப்பு சந்தையிலிருந்து வருவது: விலையை ஏற்றினால் வாங்க ஆள் இருக்காது, இயந்திரத்தில் செய்த மலிவுப் பொருள் வந்து நிற்கும். இது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. தேவராஜ முதலி தெருவிலும் சவுகார்பேட்டையிலும் மொத்த விலைக்குக் கிடைக்கும் ஆலைப் பொருளோடு கைப்பொருள் விலையில் போட்டி போட முடியாது. போட்டி போடவும் கூடாது. ஆலை செய்ய முடியாததைச் செய்வதுதான் கைவேலையின் இடம்: கேட்ட அளவு, கேட்ட நிறம், கல்யாணப் பெண்ணின் பட்டுக்குப் பொருந்தும் வேலைப்பாடு, பழுதானால் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கை. எந்தப் பொருளுக்கு நியாயமான கூலி சேர்த்தபின் வாங்க ஆள் இல்லையோ, அந்தப் பொருளைக் கைவிட்டு வேறு பொருளுக்கு மாறுவதே அறிவு. கணக்குப் பார்ப்பதன் முதல் பயன் விலையை உயர்த்துவது அன்று. எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வது.

மூன்றாவது மறுப்பு இன்று அதிகம் கேட்பது: இணையம் வந்துவிட்டது, இடைத்தரகர் போய்விட்டார், இனி யாரும் நேரடியாக விற்கலாமே? வாசல் திறந்திருப்பது உண்மைதான். 2023 அக்டோபர் முதல், ஆண்டு விற்பனை சரக்கு சேவை வரி வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள், அந்த வரிப் பதிவு இல்லாமலேயே இணையச் சந்தைகள் வழியாகத் தம் மாநிலத்துக்குள் பொருள் விற்கலாம். வரம்புக்கு உட்பட்ட கைவினைப் பொருட்களை வெளிமாநிலத்துக்கு விற்கவும் தனிச் சலுகை உண்டு. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்ததும் புதிய இடைத்தரகர் நிற்கிறார். தளத்தின் பங்கு, பொதிக் கட்டணம், திருப்பி அனுப்பப்பட்ட பொருளின் நட்டம், விளம்பரச் செலவு எல்லாம் ஒரு கூடையில் மிஞ்சும் அதே 250 ரூபாயிலிருந்துதான் போக வேண்டும். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது குறைந்த விலையும் நிறைந்த விளம்பரமும் உள்ள பொருள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விற்பவருக்கோ உறவினரும் பக்கத்துத் தெருவினரும்தான் பெரும்பாலான வாங்குபவர்கள். அந்த வட்டம் ஓராண்டில் நிறைந்துவிடும். அதற்குமேல் வளர வேண்டுமானால் ஒரே பொருளைத் தரம் மாறாமல் நூறு, இருநூறு என்று தர வேண்டும். தனி ஒருவரின் இரண்டு கைகளுக்கு அது முடியாத காரியம். தனிமை தரும் பலவீனத்தை இணையம் தீர்க்கவில்லை. அதை அகலமான சந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவது மறுப்பு, பெண்கள் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போவதல்லவா முன்னேற்றம் என்பது. அம்பத்தூரில் ஆயத்த ஆடை நிறுவனங்கள் இருக்கின்றன, திருமுல்லைவாயிலில் பெண்களுக்கென்றே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, அங்கே போகலாமே என்று கேட்கலாம். போக முடிந்தவர் போவது நல்லது. வெளி வேலைக்கு மாற்றாக வீட்டுக் கைவேலையை யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக் காப்பகமும், முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆளும், வீட்டு வேலையில் ஆண்களின் பங்கும் இல்லாத வரையில், வீட்டிலிருந்து உழைப்பது பலருக்கு விருப்பத் தேர்வாக இல்லை. அதுவே மிச்சமிருக்கும் ஒரே வழி. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சுயதொழிலில்தான் இருக்கிறார்கள். நாளை வரப்போகும் தொழிற்சாலை வேலைக்காக இன்றைய கூலியைக் கேட்காமல் இருக்கச் சொல்வது நியாயமாகாது.

கூட்டு என்ன செய்ய முடியும்

அரசுகள் இந்த வேலையைக் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சுய உதவிக் குழுக்களையும் மதி என்ற வணிகப் பெயரையும் வளர்த்திருக்கிறது. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களின் விற்பனைக் கண்காட்சிகள் நடக்கின்றன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில், பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது; 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், வட்டிச் சலுகையும் அதில் உண்டு. இவை நல்ல உதவிகள். ஆயினும் இவை பெரும்பாலும் கடனும் கருவியும் பயிற்சியும் தருபவை. விலையைத் தொடுபவை அல்ல. கூலி சேராத விலைக்கு விற்பவர் கடன் வாங்கி உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், ஊதியமில்லா உழைப்பும் இரட்டிப்பாகும். தவணை வேறு சேரும். பயிற்சியின் நிலையும் இதுவே. ஒரு பகுதியில் ஐம்பது பேர் ஆரி கற்று, ஐம்பது பேரும் அதே தெருக்களில் வாடிக்கையாளரைத் தேடினால் கூலி விழும். அப்போது செய்வதைவிடக் கற்றுக்கொடுப்பதில்தான் வருமானம் என்ற நிலை வந்துவிடும். எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதை அளக்கும் திட்டம், ஓராண்டு கழித்து மணிக்கு எவ்வளவு ஈட்டுகிறார்கள் என்பதையும் அளக்க வேண்டும்.

கூட்டு எப்படி விலையைத் தொடும் என்பதற்கு லிஜ்ஜத் அப்பளத்தின் வரலாறு நல்ல பாடம். 1959 மார்ச்சில் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அந்த அமைப்பில், மாவு பொது இடத்தில் பிசையப்படுகிறது, உறுப்பினர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்து, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், தரம் பார்க்கப்பட்டுக் கூலி கிடைக்கிறது, உறுப்பினர்களே உரிமையாளர்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேலை வீட்டில்தான் நடக்கிறது. மூலப்பொருள், தரம், விலை, விற்பனை நான்கும் பொதுவில் நடக்கின்றன. இதனால்தான் எந்த உறுப்பினரும் இன்னொருவரைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலை வருவதில்லை. சுய உதவிக் குழுக்கள் கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் அமைப்பாகவே நின்றுவிட்டன, கூட்டு என்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். குழுக்கள் பல இடங்களில் கடனோடு நின்றதற்குக் காரணம், உற்பத்தியின் இந்த நான்கு கண்ணிகளையும் அவை பொதுவாக்காமல் விட்டதுதான். கைவினை அப்பளம்போல் ஒரே அச்சில் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரின் வேலைப்பாடு இன்னொருவருக்கு வராது; அதைப் பொதுவாக்கத் தேவையும் இல்லை. வடிவமைப்பு அவரவருடையதாக இருக்கட்டும். சரக்குக் கொள்முதல், குறைந்தபட்ச விலை, பெரிய ஆர்டர் ஆகிய மூன்று மட்டும் பொதுவில் வந்தால் போதும்.

சேக்காட்டு அளவில் இது எட்டாத காரியம் அன்று. இருபது பேர் தனித்தனியே ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய்ச் சில்லறை விலைக்கு ஒயரும் மணியும் வாங்குவதைவிட, இருவர் போய் இருபது பேருக்கும் மொத்த விலையில் வாங்கிவருவது அன்றே கூலியை உயர்த்தும். ஒவ்வொரு பொருளுக்கும் சரக்குச் செலவு, ஆகும் மணிநேரம், அந்த மணிக்கு இதற்குக் குறையாத கூலி என்று ஒரு பட்டியல் எழுதி, அதற்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று உடன்படலாம். 2019 ஜனவரியில் நெகிழித் தடை வந்து, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய பிறகு துணிப்பைக்குக் கேட்பு எழுந்தது. ஐந்தாயிரம் பை கேட்கும் கடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஒரு தையல் இயந்திரம் பதில் சொல்ல முடியாது. முப்பது இயந்திரங்கள் சேர்ந்தால் ஒப்பந்தக்காரர் இல்லாமலேயே சொல்ல முடியும். மாநகராட்சி தன் சமுதாயக் கூடங்களில் ஒன்றைச் சரக்கு வைக்கவும் தரம் பார்க்கவும் ஒதுக்கலாம். ரயில்வே 2022இல் தொடங்கிய ஒரு நிலையம் ஒரு பொருள் திட்டத்தின் கீழ், நாள்தோறும் பெருங்கூட்டம் ஏறி இறங்கும் ஆவடி நிலையத்தில் இப்பகுதிக் கைவேலைக்கு இடம் கேட்கலாம். தையல், கைவினைத் தொழிலாளர்களுக்கான மாநில நல வாரியங்களிலும், 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துகொள்வது, நான் தொழிலாளி என்று அரசிடம் பதிவு செய்யும் முதல் படி. முன்பணம் கட்டினால் பேக்கிங் வேலை தருவோம், இயந்திரம் வாங்கினால் பொருளை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று வரும் மோசடிகளுக்கும் தனியாக இருப்பவரே எளிதில் இரையாகிறார். கூட்டாக இருப்பவர்களில் ஒருவராவது கேள்வி கேட்பார். இணையம் வழியே பணத்தை இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வாங்குபவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. கைவேலையைப் பாராட்டுவதும், பாரம்பரியம் அழியக் கூடாது என்று வருந்துவதும் எளிது. இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டு, அந்தப் பதிலுக்கு ஏற்ற விலையைப் பேரமின்றித் தருவதுதான் உண்மையான பாராட்டு. செய்பவரிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்றே: அடுத்த பொருளுக்கு விலை எழுதும்போது, சரக்குச் செலவுக்கும் முன்னால் முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். பக்கத்து வீட்டில் அதே வேலை செய்பவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். இருவரும் ஒரே தொகைக்கு உடன்பட்டால், அன்றைக்கே உங்கள் சங்கம் தொடங்கிவிட்டது.